நியூட்ரான்களின் பிறப்புப் பதிவாளர்

இவர் பார்க்கும் உத்தியோகத்தை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். கேட்கிறவர்தான் பாதியில் எழுந்து போய்விடுவார். இன்னும் கட்டி முடிக்காத ஓர் அணுக்கரு இணைவு உலையில், இன்னும் பற்றவைக்காத ப்ளாஸ்மாவில், இன்னும் பிறக்காத நியூட்ரான்களுக்குக் கணினியில் பிறப்பு எழுதுகிறார். எந்த இடத்தில் பிறந்தது, எந்தத் திசையில் கிளம்பியது, என்ன வேகம். நாளொன்றுக்குப் பத்துக் கோடிப் பிரசவம். அலுவலகத்தில் அவருக்குப் பதிவாளர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. மச்சான் மட்டும் அவர் ஏதோ கேஸ் அடுப்புக் கம்பெனியில் இருப்பதாக இன்றுவரை சொல்லிக்கொண்டு திரிகிறார்.

ப்ளாஸ்மா என்கிற அந்தக் கொதிக்கும் வாயு, காற்றடித்த டயர் டியூப் மாதிரி வளையமாக இருக்கும். டியூப்புக்குள்ளே காற்று இருக்கும் இடத்தில்தான் நியூட்ரான் பிறக்கும். சூடு எங்கே அதிகமோ அங்கே கூட்டமாகப் பிறக்கும். இந்த ஏற்ற இறக்கத்தையெல்லாம் ஒழுங்காகப் பிடித்து எழுத அவருக்கு மூன்று மாதம் ஆயிற்று.

உலைக்கு வரைபடம் போடும் வரைபடக்காரருக்கு அவ்வளவு பொறுமை இல்லை. தானே கணினியில் உட்கார்ந்து, 'பிறந்த இடம்' என்ற கட்டத்தில் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம் என்று தட்டிவிட்டார். நடு என்றால் நடுதானே! அந்த நடு, டியூப்பின் ஓட்டை. அங்கே காந்தச் சுருள்களைச் சுமந்துகொண்டு ஒரு தடித்த தூண் நிற்கிறது. பத்துக் கோடி நியூட்ரான்களும் தூணுக்குள் பிறந்து, பெரும்பாலானவை அங்கேயே மூச்சை விட்டன. தப்பிப் பிழைத்த சொச்சம், கதிர்வீச்சைத் தடுக்கும் வெளிக் காப்புச் சுவரை விருந்தாளி மாதிரி லேசாகத் தட்டிவிட்டுப் போயிற்று. ஆகவே சுவரை முக்கால் முழம் மெலிதாக்கலாம் என்று முடிவாயிற்று. ஆளாளுக்குக் கைகுலுக்கிக்கொண்டார்கள். பதிவாளரின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

அந்தச் சுவருக்குப் பின்னால்தான் பழுது பார்க்கும் நாலு பேருக்கு அறை.

"ஒரு கையெழுத்துதானே, போட்டுட்டு வாங்களேன். வாரம் பூரா முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டு இருக்கீங்க" என்றார் மனைவி.

"சுவத்துக்குப் பின்னாடி நாலு பேர் தினம் உக்காருவாங்கம்மா."

"அப்ப போடாதீங்க. ஆனா கத்துறதை அங்கேயே கத்திட்டு வாங்க. எனக்கு நியூட்ரானும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

அப்படியே போய்க் கூட்டத்தில் கத்தினார்.

"நடுவுலதானே சார் வெச்சேன்?" என்றார் வரைபடக்காரர், மனம் நொந்து.

"டியூப்புக்கு நடுவுல காத்தா இருக்கு? ஓட்டை இருக்குய்யா!"

"ஓட்டையும் நடுதானே சார்?"

தலைவர் கையைத் தூக்கினார். குடும்பச் சண்டைகளைத் தீர்த்துப் பழகிய கை. "ரெண்டு பேரும் விட்டுக்கொடுங்க. பாதி நியூட்ரான் அவர் சொன்ன இடத்துல பிறக்கட்டும், பாதி நீங்க சொன்ன இடத்துல."

"இது பாகப்பிரிவினை இல்ல சார்!"

"சரி, கோவப்படாதீங்க. உங்களுக்கு அறுபது சதவீதம்."

பதிவாளர் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு, வேறு வழி தெரியாமல், வரைபடக்காரரின் அறிக்கையிலேயே யாரும் திருப்பாத பக்கத்தைத் திருப்பினார். "இவர் கணக்குல சுவர் தப்பிச்சிடும். தூண் தப்பிக்காது. எல்லாம் உள்ளேயே பிறந்து உள்ளேயே சாகுதே, அந்தச் சூடு எங்க போகும்? சுருள் உருகிடும்னு இதோ இவரே எழுதியிருக்கார்."

அதுவரை கைப்பேசியில் மூழ்கியிருந்த காந்தப் பிரிவு அம்மாள் நிமிர்ந்தார். நாலு பேர் உயிருக்கு நிமிராத தலை அது.

"யாரோட சுருள் உருகுது?"

"உங்களோடதுதான் மேடம்."

அடுத்த கால் மணி நேரம் வரைபடக்காரரை அந்த அம்மாள் வறுத்தெடுத்துவிட்டார். "என் தூணுக்குள்ள பிரசவம் பார்க்க உனக்கு யார் அனுமதி கொடுத்தா?" என்ற கேள்விக்கு இயற்பியலில் பதில் இல்லை. நியூட்ரான்கள் ஒருமனதாக டியூப்புக்குள் குடியேற்றப்பட்டன. பதிவாளரின் மூன்று மாதக் கணக்கு அன்றே கணினியில் ஓடியது. சுவர் பழையபடி தடித்தது.

மறுநாள் கூட்டக் குறிப்பு வந்தது. காந்தப் பிரிவின் விழிப்புணர்வால் பெரும் பிழை தவிர்க்கப்பட்டதாம். வரைபடக்காரரின் வேகம் பாராட்டுக்குரியதாம். மூன்று மாதத் தாமதத்துக்குப் பதிவாளர் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டுமாம்.

பதிவாளர் பல்லைக் கடித்துக்கொண்டு கடைசிப் பக்கத்துக்குப் போனார். சுவரின் கனத்தை இரண்டு தடவை விரல் வைத்துப் படித்தார். சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டார்.