மஞ்சள் துணி கொடுத்தது நான்தான்

செவ்வாய்க்கிழமை காலை ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். அருணகிரி அண்ணன் தூக்கத்திலேயே போய்விட்டார் என்று அவர் மனைவி வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பியிருந்தார். கேட்ட பிறகும் கை நிற்கவில்லை. ஓரம் முழுவதையும் கோணலாக அடித்து முடித்த பிறகுதான் அழுதேன்.

எங்கள் ஊரான யோங் பெங்கில் அவரை ஏர்கோன், அதாவது ஏசி, பழுது பார்ப்பவராகப் பலருக்குத் தெரியும். செம்பனைத் தோட்டத்துக்குப் பின்னால் யார் யாரோ கொட்டிய குப்பைமேடு புகையத் தொடங்கிய பிறகு, அவர் கழற்றும் வடிகட்டிகள் ஒரு வீட்டில் கரியாகவும் அடுத்த தெருவில் சுத்தமாகவும் இருந்தனவாம். புகை எங்கே போகிறது என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். எங்களுக்கெல்லாம் சன்னலைச் சாத்தத்தான் தெரிந்தது.

ஒருநாள் என் தையல் கடைக்கு வந்தார்.

"தங்கச்சி, துண்டுத் துணி இருக்கா? அங்கங்க கட்டி, காத்து எந்தப் பக்கம் போவுதுன்னு பார்க்கணும்."

கோயில் திருவிழாவுக்குத் தைத்ததில் மஞ்சள் துணி மிஞ்சியிருந்தது. தூரத்திலிருந்தே தெரியும் என்று நான்தான் எடுத்துக் கொடுத்தேன். கம்பங்களிலும் மரங்களிலும் கட்டினார். காலையும் மாலையும் மோட்டார் சைக்கிளில் சுற்றி, துணி பறந்த திசையை நோட்டில் குறித்து, பெரிய தாளில் ஊரை வரைந்து அம்புக்குறி போட்டார். தமிழ்ப்பள்ளி வாசல் மரத்துத் துணி மட்டும் எப்போதும் தொங்கியே கிடந்தது. பள்ளிப் பக்கம் காற்றில்லை என்று வரைந்து, நடவடிக்கை கேட்டு மாவட்ட அலுவலகத்தில் கொடுத்தோம். பெற்றோர் நிம்மதியானார்கள்.

அடுத்த மாதம் பள்ளியில் ஏர்கோன் கழுவப் போனவர், வடிகட்டி கறுத்திருந்ததைக் கண்டு மரத்தடிக்கு ஓடினார். துணி நுனியில் காசு முடிந்து, குங்குமம் வைத்திருந்தது. வேண்டுதல் துணி என்று நினைத்திருக்கிறார்கள். கனத்தில் அது பறக்கவே இல்லை. அந்தக் காசை முடிந்துவைத்த தாயையும் தேடிப் பிடித்தார்.

"பிள்ளைக்கு இருமல் நிக்கணும்னு முடிஞ்சேண்ணே" என்றாராம் அந்த அம்மா.

மஞ்சள் நிறத்தால் வந்த வினை; அதை எடுத்துக் கொடுத்தது நான். "விடுங்கண்ணே. சொன்னா மொத்த வரைபடத்தையும் தூக்கிப் போட்ருவாங்க லா" என்றேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

"சொல்லாட்டி புகை அந்தப் பிள்ளைங்க நெஞ்சுக்குப் போவாதா, தங்கச்சி?"

அலுவலகத்தில் எல்லார் முன்னும் எழுந்து, "தப்பு என்னோடது" என்றார். துணி யாருடையது என்று வாய் திறக்கவில்லை. நானும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திருத்திக் கொண்டுவரச் சொன்னார்கள். முடிந்த காசைக் கோயில் உண்டியலில் போட்டுவிட்டு, கிழிந்த மழைக்கோட்டிலிருந்து நான் வெட்டிக் கொடுத்த நீலத் துணியோடு முதலிலிருந்து தொடங்கினார். உட்காரவே மாட்டார். தேநீரைக்கூட மோட்டாரில் சாய்ந்தபடிதான் குடிப்பார்.

புதன்கிழமை அவருடைய இறுதி ஊர்வலம் பள்ளியைக் கடந்து போனது. அவர் மனைவி என்னிடம் தந்த நோட்டில், பள்ளிக்கான பக்கத்தில் இன்னும் ஒரு காலை நேரக் கட்டம்தான் நிரப்பப் பாக்கி. நான் வண்டியை விட்டு இறங்கினேன். நீலத் துணி விறைப்பாக வகுப்பறைகளை நோக்கி நீண்டு நின்றது. உள்ளே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். இடையிடையே இருமல் கேட்டது.

போய் வாருங்கள் அண்ணா. கட்டத்தை நிரப்பிவிட்டேன், காற்று பள்ளிப் பக்கம்தான். வெள்ளிக்கிழமை அலுவலகத்துக்கு வரைபடத்தை நானே கொண்டுபோகிறேன். மஞ்சள் துணி யார் கொடுத்தது என்று அதன் அடியில் என் பெயரோடு எழுதியிருக்கிறேன்.