மிஷின் மிதிக்கிற முட்டி

மற்றவர்கள் எழுந்திருக்குமுன் தன் உள்பாவாடைகளைத் தானே துவைத்துக் காயப் போட்டுவிடுவார் தையல்கார அம்மா. வீட்டில் வாஷிங் மிஷின் இருக்கிறது. கணவர் கேட்டால், "என் துணிக்கு என் கைதான் ராசி" என்பார்.

வீட்டின் முன்னறைதான் கடை. வெளிச்சம் ஜன்னல் பக்கம். தையல் மிஷின் கிடப்பதோ கழிப்பறைக் கதவை ஒட்டி. வெளியே கிளம்புகிற நாளில் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது. மிச்சப்பட்ட லைனிங் துணியை நாலாக மடித்துத் தைத்து அடுக்கி வைத்திருப்பார். அளவு கொடுக்க வருகிற பெண்கள், "இது என்னக்கா?" என்றால், "தோள்பட்டைக்கு வைக்கிறது. உனக்கு வேணாம், உனக்கு ஏற்கெனவே எடுப்பான தோள்" என்று வாயை அடைத்துவிடுவார்.

மகள் வீட்டுக்கு பஸ்ஸில் அரை நாள் ஆகும். பிரசவத்துக்குக்கூட அவர் போகவில்லை. முட்டி வலி என்று சொல்லிவிட்டார்.

வயிறு இளகிப்போய்த்தான் மலம் கசிகிறது என்று அவர் நினைத்திருந்தார். அதனால் கீரை, காய், பழம் எல்லாவற்றையும் நிறுத்தினார். மலம் இறுகியது. முக்கினார். கசிவு கூடியது. போன மாதம்தான் துணிந்து ஒரு டாக்டரம்மாவிடம் போனார்.

"குடலோட கடைசிப் பகுதி தனக்குள்ளயே மடிஞ்சு இறங்குதும்மா. வெளிய வராததால தெரியல. அந்த மடிப்பு போற வழியை அடைக்குது, முழுசாப் போகாது. மிச்சம்தான் அப்புறம் கசியுது. முக்க முக்க இன்னும் இறங்கும்."

"கோட்டுக் கையில லைனிங் சுருண்டுக்கிற மாதிரியா?"

"அதேதான். காய் பழம் சாப்பிடுங்க, தசைக்குப் பயிற்சி சொல்லித் தரேன். அதுக்கும் கேக்கலன்னா ஆபரேஷன் பத்திப் பேசலாம்."

வீட்டில் யாரிடமும் அவர் மூச்சுவிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகளே கைக்குழந்தையோடு வந்து இறங்கினாள். அம்மாவைக் கையோடு அழைத்துப் போகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

"முட்டி வலிடி."

"நாள் பூரா மிஷின் மிதிக்கிற முட்டி, என் வீட்டுக்கு பஸ் ஏறினா மட்டும் வலிக்குமா? பேரனைப் பாக்க இஷ்டமில்லன்னு நேராச் சொல்லிடு, நான் இனி கேக்கல."

மகளின் குரல் உடைந்தது. தையல்கார அம்மா துணியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "முட்டி இல்லடி. எனக்கு வெளிக்குப் போறது அடக்கினா நிக்க மாட்டேங்குது. நடு வழியில ஆயிடுச்சுன்னா எங்கடி இறங்குவேன்?"

மகள் முகம் சுளிக்கவில்லை.

"போயிட்டு வந்த அப்புறமும் பாக்கி இருக்கற மாதிரியே இருக்குமா?"

"ஆமா."

"எழுந்து நடந்தா கொஞ்ச நேரத்துல கசியும். கசிஞ்சதே தெரியாது?"

மிதியில் இருந்த கால் நின்றது. இவை டாக்டரம்மா கேட்ட கேள்விகள். தான் மகளிடம் சொல்லாதவை.

"உனக்கு எத்தனை நாளாடி?"

தைத்துக்கொண்டிருந்த துணியின் மேலேயே குழந்தையை அம்மா மடியில் கிடத்தினாள் மகள். தன் சுடிதாரின் பின்பக்கத்தை ஒருமுறை கையால் தடவிப் பார்த்துக்கொண்டே அறையைவிட்டு வெளியே போனாள்.