நல்ல தண்ணீர் இருந்த வளவு

பெரியையா வேட்டியை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு கல்லின் மேல் நின்றார். நான் குடத்தைச் சரித்து அவருடைய பாதங்களில் தண்ணீரை ஊற்றினேன். வழியெல்லாம் படிந்த செம்புழுதி கரைந்து ஓடியது. “விரலுக்குள்ளையும் ஊத்து பிள்ளை” என்றார். ஊற்றினேன். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. அந்தக் குடத்தில் இருந்தது நாங்கள் குடிப்பதற்கென்று ஒரு பெண் அள்ளி அனுப்பிய தண்ணீர். அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் ஊற்றினேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம், போர்க்காலம் அது. இணுவிலில் எங்கள் வீட்டுக்கருகே ஷெல் விழுந்து, நாங்கள் ஐயா என்று கூப்பிடும் அப்பா சிறு காயத்தோடு தப்பியிருந்தார். தொண்டைமானாற்றங்கரை முருகன் கோயில் திருவிழாவில் குடும்பத்தோடு மூன்று நாள் தங்கிப் பொங்குவதாக அம்மா நேர்ந்துவிட்டார். மண்ணெண்ணெயில் ஓடும் உழவு மெசின் ஒன்றைப் பிடித்து, அது பின்னால் இழுக்கும் பெட்டிக்கு வளைத்துக் கட்டிய கம்புகளின் மேல் தென்னோலைக் கிடுகு வேய்ந்தோம். பானை, அரிசி, பாய், விறகு என்று எல்லாமே உள்ளே. அதற்குள்ளேயே படுப்பது, அதன் பக்கத்திலேயே சமைப்பது என்று ஏற்பாடு. ஐந்து வயதுத் தங்கச்சி அதை “ஓடுற வீடு” என்றாள். அச்சுவேலி தாண்டும்வரை கிடுகு ஓட்டையால் வெளியே பார்த்து, கண்ட மாடுகளுக்கெல்லாம் கை காட்டிக்கொண்டே வந்தாள்.

பெட்டியை எங்கே விடுவது என்று தீர்மானிப்பது பெரியையாவின் உரிமை. ஐயாவின் மூத்த அண்ணன், அரசாங்கக் கச்சேரியில் வேலை பார்த்து இளைப்பாறிய உத்தியோகத்தர். அவர் சொன்னால் ஐயா மறுத்துக் கதைக்க மாட்டார். ஆறு என்பது பெயருக்குத்தான். அந்தத் தண்ணீரை வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும். அதனால் அங்கே தங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது நிழலை அல்ல, நல்ல தண்ணீர்க் கிணற்றை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கோயிலடியில் கிணறு உள்ள இடமெல்லாம் வண்டிகளாலும் பெட்டிகளாலும் நிறைந்துவிட்டது.

மெசின் ஓட்டி வந்த அண்ணை இருக்கையிலிருந்து இறங்கிப் பெரியையாவிடம் வந்தார். “ஐயா, என்ரை அக்காவின்ரை வீட்டு வளவு உதிலை கிட்டத்தான். பெரிய மருத மரம் நிக்குது. கிணத்துத் தண்ணி இளநீர் மாதிரி. அக்காவுக்கும் சந்தோசமாயிருக்கும்.”

பெரியையா உடனே பதில் சொல்லவில்லை. சாதி பார்த்துக் கதைத்தால் ஆயுதம் ஏந்திய இயக்கத்தவர் பிடித்துக்கொண்டு போய் விசாரிக்கும் காலம் அது. வாய் பயந்ததே தவிர மனம் பயப்படவில்லை. “மரத்துக்குக் கீழை பாம்பு பூச்சி இருக்கும். கோயிலும் தூரம். உது சரிவராது” என்றார். கோயில் கோபுரம் அந்த வளவிலிருந்து தெரியும் என்று அண்ணை சொன்னார். “சரிவராதெண்டு சொல்லிப்போட்டன்” என்றார் பெரியையா. அதற்கு என்ன அர்த்தம் என்று அந்த அண்ணைக்கு விளங்கியது. எங்கள் எல்லோருக்குமே விளங்கியது. ஐயா தன் செருப்பைப் பார்த்தார். அம்மா தங்கச்சியின் தலையைத் தடவினார்.

பெரியையா தேர்ந்தெடுத்தது ஆற்றோரமாக ஒரு வெட்டவெளி. பக்கத்தில், இடம்பெயர்ந்து போன யாருடையதோ பாழ்வளவில் ஒரு கிணறு. கட்டு இடிந்து, மாடுகள் நின்று சாணி போட்ட மண் உள்ளே சரிந்து கிடந்தது. தண்ணீர் பச்சையாக இருந்தது. “கொதிக்க வைப்பமோ அண்ணை?” என்று ஐயா மெல்லக் கேட்டார். “முருகன்ரை வாசல் தண்ணி ஒண்டும் செய்யாது. கொண்டுவந்த விறகு சமைக்கவே காணாது” என்றார் பெரியையா. அவர் மட்டும் பிளாஸ்கில் வீட்டிலிருந்து கொண்டுவந்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தார்.

பின்னேரம் மெசின் அண்ணையின் அக்காவே வந்தார். இடுப்பில் நிறைகுடம். கிட்டே வராமல், பெட்டியிலிருந்து பத்தடி தள்ளி இறக்கி வைத்தார். “அந்தக் கிணறு கூடாதம்மா. சின்னப் பிள்ளையளும் நிக்குதுகள். இதைக் குடியுங்கோ” என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார். அம்மா “ஓம்” என்றார். அவர் போனதும் தங்கச்சி கோப்பையோடு ஓடினாள். பெரியையா அவளுடைய கையைப் பிடித்து நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார். “பிள்ளை, உந்தத் தண்ணியை வீணாக்காதை. கால் கழுவ உதவும்.”

அடுத்த நாள் மத்தியானம் தங்கச்சிக்கு வயிற்றோட்டம் தொடங்கியது. பிறகு சத்தி; குடித்ததெல்லாம் வெளியே வந்தது. பெரியையா “வெய்யில் பட்டிருக்கு, பூசை முடியட்டும் பாப்பம்” என்றார். பூசை முடிந்து அவர் திருநீற்றோடு வரும்போது அவளுடைய கண்கள் உள்ளே போய்விட்டன. விசயம் கேள்விப்பட்டு அந்த அக்கா மறுபடி ஓடி வந்தார். இம்முறை அவர் கொண்டுவந்தது வெட்டாத இளநீர்க் குலை. தேங்காய்க்குத் தீட்டு இல்லை என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. எங்கள் பிள்ளையின் உயிருக்காக அவர் எங்கள் மடமையின் அளவுக்குக் குனிந்து வந்தார்.

அம்மா அன்றைக்குத்தான் முதல்தடவையாகப் பெரியையாவுக்கு முன்னால் குரலை உயர்த்தினார். “மெசினை எடுங்கோ தம்பி” என்றார். பெரியையாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அண்ணை பெட்டியைக் கழற்றிவிட்டு, அம்மாவையும் தங்கச்சியையும் இருக்கைக்குப் பக்கத்தில், சக்கரத்தை மூடிய சில்லுக்காப்பில் இருத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். ஐயா சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு பின்னால் போனார். மருந்து ஒழுங்காக வராத காலம். சேலைன் ஒரு போத்தல்தான் இருந்தது. இரண்டு மணித்தியாலம் முந்தி வந்திருந்தால் அதுவே போதும் என்று டொக்டர் சொன்னாராம். அடுத்த நாள் காலை, மற்றவர்கள் தேருக்குப் போய்க்கொண்டிருந்த நேரம், அவள் போய்விட்டாள்.

செத்தவீட்டில் பெரியையா வாசலில் நின்று, வந்தவர்களுக்கெல்லாம் ஒரே கதையைச் சொன்னார். “சரியான வெய்யில். பிள்ளை தாங்கேல்லை. முருகன் தன்னட்டை எடுத்திட்டான்.” மெசின் ஓட்டிய அண்ணை வேலிப் படலைக்கு வெளியே சைக்கிளைப் பிடித்தபடி நின்று அதைக் கேட்டார். ஒருகணம் என்னைப் பார்த்தார். நான் சொல்லியிருக்கலாம். சத்தம்போட்டுச் சொல்லியிருக்கலாம். நான் நிலத்தைப் பார்த்தேன். பெரியையாமீது எனக்கு இருக்கும் கோபத்தில் பாதி என்மீதும் இருப்பது அதனால்தான். ஐயா சாகும்வரை அந்தக் கிணற்றைப் பற்றிக் கதைக்கவே இல்லை. அம்மா அதற்குப் பிறகு பெரியையாவுக்குத் தன் கையால் ஒரு வாய் தண்ணீர் கொடுத்ததில்லை. கேட்டால் “பானையிலை இருக்கு” என்பார். அவ்வளவுதான் அம்மாவால் முடிந்தது.

போன மாதம் பெரியையா தொண்ணூறு தாண்டி, எந்த நோவும் இல்லாமல் போய்ச் சேர்ந்தார். முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் என்று ஒரு புத்தகம் அடிக்கிறார்கள். அவருடைய மகன், எனக்கு அண்ணை முறை, மருதனார்மடத்தில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார். “நீதான் நல்லா எழுதுவாய். அவர் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு கோயில் குளமெண்டு திரிஞ்சதைப் பற்றி ஒரு பக்கம் தா” என்றார். பெரியையா எப்படி ஒவ்வொரு பயணத்திலும் நல்ல இடம் பார்த்து எங்களைத் தங்கவைப்பார் என்பதையும் சேர்க்கச் சொன்னார்.

ஒரு பக்கம் கேட்டவருக்கு நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன். இரண்டு நாளில் திரும்பி வந்தார். தாள்களைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தார். முகம் சிவந்திருந்தது.

“செத்த மனுசனைப் பற்றி உப்பிடி எழுதலாமோ?”

“நான் தங்கச்சியைப் பற்றித்தான் எழுதினனான் அண்ணை” என்றேன். “அவளும் செத்தவள்தான். அவளுக்கு நீங்கள் ஒருத்தரும் மலர் அடிக்கேல்லை.”