வெண்டல் பிக்ஸ்பியின் இடது புருவம்

வெண்டல் பிக்ஸ்பி ஹாலிவுட்டில் நூற்றுப் பதினேழு படங்களில் நடித்தார். அத்தனையிலும் அவர் முகம் தெரிந்த நேரத்தை வெட்டி ஒன்றாக ஒட்டினால் ஒரு முட்டை வேகும், அதுவும் அரைவேக்காடாகத்தான். ஓட்டலில் சாவி எடுத்துக் கொடுப்பவர், கப்பலில் வாந்தி எடுப்பவர், கதாநாயகி எறிந்த கேக்கை முகத்தில் வாங்கிக்கொள்ளும் நீதிபதி. ஸ்டுடியோக்காரர்கள் ஆள் பொறுக்கும் தடித்த புகைப்படப் புத்தகத்தில், ‘சிரிப்பு, வயதானவர்’ என்ற தலைப்பின் கீழ் அவர் படம் முப்பத்தைந்து வயதிலேயே ஏறிவிட்டது. ஏறியது இறங்கவே இல்லை.

பெயர் யாருக்கும் தெரியாது. படத் தொடக்கத்தில் ஓடும் எழுத்துகளில் அது ஒரு தடவைகூட வந்ததில்லை. ஆனால் அவருடைய இடது புருவத்தை நாடே அறியும். அவர் வசனம் பேச வாயைத் திறக்கும் முன்பே அது தனியாகக் கிளம்பிவிடும். மெல்ல மேலேறி, நெற்றியைக் கடந்து, தொப்பிக்குள் புகுந்து, உள்ளே சற்று ஓய்வெடுத்துவிட்டு இறங்கும். ஒரு படப்பிடிப்பில் அதைப் பார்த்து ஒரு குதிரை பல்லைக் காட்டிச் சிரித்ததில், மேலே இருந்த கதாநாயகன் விழுந்து கையை முறித்துக்கொண்டான். வேலை போனது குதிரைக்குத்தான். புருவத்துக்கு மறுவாரமே அடுத்த படம்.

டிராமில் ஏறினால், “யோவ், நீ அந்தப் புருவக்காரன்தானே? கொஞ்சம் தூக்கிக் காட்டேன்!” என்பார்கள். வெண்டல் தூக்கிக் காட்டுவார். சீட்டுக் கிழிப்பவர் முதற்கொண்டு சிரிப்பார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்பதாம் வருஷம் வசந்தத்தில் ஒரு வேடம் வந்தது. தேடி வந்தது என்று சொல்ல முடியாது. நடிக்க வேண்டியவருக்கு மஞ்சள் காமாலை. அவருக்குத் தைத்த கோட்டு வெண்டலுக்குச் சரியாக இருந்தது, அவ்வளவுதான். இயக்குநர் நியூயார்க் நாடகக் கொட்டகையிலிருந்து வந்த சின்ன வயசுக்காரர். வெண்டலின் ஒரு படத்தையும் பார்க்காத புண்ணியவான்.

வேடம் இது: மலையடிவாரத்து ஊரில் ஒரு ஸ்டேஷன் மாஸ்டர். தந்திக் கருவி தட்டத் தட்ட, ஒவ்வோர் எழுத்தாகத் தாளில் குறித்துக்கொண்டே வருகிறார். சுரங்கத்தில் ஒருவன் செத்துப்போயிருக்கிறான். பெயரை எழுதி முடிக்கும்போதுதான் அது தன் மகன் என்று தெரிகிறது. நாலு நிமிஷம். பேச்சே கிடையாது.

“நாலு நிமிஷமா?” என்றாள் அவர் மனைவி கோரா, உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே. “அதுக்குள்ள உன்ன மூணு தடவ சாகடிச்சிருப்பாங்களே!”

“இதுல நான் சாகல கோரா. அழறேன்.”

கத்தி நின்றது. “அப்ப புருவத்த என்ன பண்ணப்போற?”

வெண்டல் தன்னையே கேட்டுக்கொண்டிருந்ததும் அதைத்தான். அந்தப் புருவம் எங்கிருந்து வந்தது என்று கோராவுக்கே தெரியாது. இருவரும் இளமையில் ஜோடியாக ஊர் ஊராகப் போய் மேடையில் சிரிப்புக் காட்டியவர்கள். ஓர் ஆட்டத்துக்கு வராமல் போனால், அந்த வட்டாரத்துக் கொட்டகைகள் அத்தனையிலும் பெயரை அடித்துவிடுவார்கள். டொபீகா ஊரில் அவர்களுடைய பதினோரு மாதக் குழந்தை ரோசலி காய்ச்சலில் கிடந்தாள். கோரா விடுதியில் குழந்தையோடு இருந்தாள். வெண்டல் தனியாக ஆட்டத்தை ஓட்டினார். மாலை ஆட்டத்துக்கு வாத்தியம் முழங்கத் தொடங்கிய பிறகு, விடுதிக்காரி ஓரத்தில் வந்து நின்று, குழந்தை போய்விட்டது என்று அவர் காதில் சொன்னாள். வெண்டல் மேடைக்குப் போனார். வாயைத் திறந்தால் அழுகை வந்தது. விழுங்கினார். அதற்கு வேறு வழி கிடைக்கவில்லை; இடது புருவத்தின் வழியாக மேலே ஏறியது. கொட்டகை அதிர்ந்தது. அப்படி ஒரு சிரிப்பை அவர் அதுவரை கேட்டதே இல்லை. முதலாளி ஆட்டத்தை இன்னும் ஒரு வாரம் நீட்டித்தார்.

அதற்கப்புறம் முப்பத்தொரு வருஷம் அந்தப் பெயரை அந்த வீட்டில் இருவரும் உச்சரிக்கவில்லை.

படப்பிடிப்பன்று ஒப்பனைக்கார ஓட்டோவிடம் வெண்டல் சொன்னார்: “புருவத்த ஒட்டிடு. அசையவே கூடாது.”

“பெரிசு, இது மீசை ஒட்டுற பசை. காளை மாட்டையே தரையோட ஒட்டிடலாம். அப்புறம் பிய்க்கும்போது என்னைத் திட்டக் கூடாது.”

“ஒட்டுடா.”

புருவம் அசையவில்லை. தந்திக் கருவி தட்டியது. சுரங்கத்தில் செத்தவன் பெயரை எழுத வேண்டிய தாளில் வெண்டல் வேறொரு பெயரை எழுதினார். கேமராவுக்குத் தாள் தெரியாது. முப்பத்தொரு வருஷமாகத் தொப்பிக்குள் ஏறி ஏறி இறங்கியது, அன்றைக்குத்தான் கண் வழியே வந்தது. உயரத்தில் விளக்குப் பிடித்திருந்தவன் சத்தமாக மூக்கைச் சிந்திவிட்டு மன்னிப்புக் கேட்டான். இயக்குநர் வந்து தோளைப் பிடித்தார். வெண்டல் அந்தத் தாளை மடித்துத் தன் தொப்பியின் உள்பட்டியில் செருகிக்கொண்டார்.

தயாரிப்பாளர் ஹாலம் படத்தைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டனுப்பினார். “சனிக்கிழம ஜனங்க பாக்கட்டும். அவங்க ஒத்துக்கிட்டா இந்தக் காட்சி அப்படியே இருக்கும். உன் பேரையும் திரையில போடறேன்.”

அங்கே அதுதான் வழக்கம். முடியாத படத்தைப் புறநகர்க் கொட்டகை ஒன்றுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் எடுத்துப்போய் ஓட்டுவார்கள். வெளியே வரும் ஜனங்களிடம் அட்டையைக் கொடுத்து அபிப்பிராயம் எழுதச் சொல்வார்கள். எந்தக் காட்சி பிழைக்கும், எது குப்பைக்குப் போகும் என்று அந்த அட்டைகள்தான் தீர்மானிக்கும். நடிகர்கள் அங்கே போகக் கூடாது. வெண்டல் போனார். கிளெண்டேல் கொட்டகையில், பின்வரிசைக்கு முந்தின வரிசையில், கோராவின் பக்கத்தில், கைகளை முழங்காலுக்கு நடுவே இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

ஸ்டேஷன் மாஸ்டர் திரையில் வந்தார்.

“அய், நம்ம புருவக்காரன்!” என்று ஒரு பெண்மணி சந்தோஷமாகச் சொன்னாள். கொட்டகை முழுவதும் நாற்காலியில் வசதியாகச் சாய்ந்துகொள்ளும் சத்தம் கேட்டது.

தந்தி தட்டியது. திரையிலிருந்தவர் பென்சிலை எடுத்தார். ஜனங்கள் புருவத்துக்காகக் காத்திருந்தார்கள். அது அசையவில்லை. இன்னும் காத்திருந்தார்கள்.

“அடக்கிக்கிட்டிருக்கான் பாரு!”

“இப்ப ஏறும் பாரு, இப்ப ஏறும்!”

எங்கோ ஒரு ‘களுக்’ சிரிப்பு. அது வரிசை வரிசையாகப் பரவியது. திரையிலிருந்தவரின் கண் நிறைந்தது. கொட்டகை பொறுக்க முடியாமல் நெளிந்தது. கண்ணீர் கன்னத்தில் இறங்கியபோது சிரிப்பு வெடித்து, ஒருவர் இருமி, இன்னொருவர் முன்நாற்காலியைத் தட்டி, தந்திக் கருவியின் சத்தமே கேட்காமல் போயிற்று. ஏறின புருவத்தைவிட ஏறாத புருவம் பெரிய வேடிக்கை என்பதை வெண்டல் அப்போதுதான் அறிந்தார்.

பிறகு, தன் இடது பக்கத்தில், விக்கலில் போய் முடிகிற ஒரு சின்னச் சிரிப்பைக் கேட்டார். மேடை ஓரத்திலிருந்து எத்தனையோ வருஷம் கேட்டுப் பழகிய சிரிப்பு. திரும்பினார். கோரா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

திரும்பும் டிராமில் அவள் சொன்னாள்: “வெண்டல், நான் வேணும்னு சிரிக்கல.”

“தெரியும்.”

“உன் மூஞ்சியப் பாத்ததும் தானா வந்துடுச்சு.”

“எல்லாருக்கும் அப்படித்தான் வந்துச்சு.”

திங்கட்கிழமை ஹாலம் மேஜை நிறைய அட்டைகளைப் பரப்பியிருந்தார். “வாய்யா! முந்நூறு அட்டையில இருநூத்தம்பதுல ஸ்டேஷன் மாஸ்டர்தான்யா! ‘வயிறு வலிக்குது’ன்னு எழுதிருக்கா ஒருத்தி. காட்சிய வெட்டவே மாட்டேன். கொஞ்சம் மாத்திக்குவோம். தந்தி தப்பு. செத்தது பக்கத்து ஊர்க் கழுதை. அதப் படிக்கிற, புருவம் மேல போகுது. எப்படி?”

“அவன் அழறானே சார்.”

“கழுதைக்கா?”

இயக்குநர் தரைவிரிப்பின் பூக்களை எண்ணிக்கொண்டிருந்தார். ஹாலம் எழுந்துவந்து வெண்டலின் முதுகில் தட்டினார். “பேர் போடறேன்னேன்ல? போடறேன். சொன்னாச் செய்வேன்.”

அன்று மதியமே அதே கோட்டு, அதே நாற்காலி. ஓட்டோ பசைப் புட்டியைத் தூக்கிக் காட்டி, வேண்டுமா என்பதுபோல் பார்த்தான். வெண்டல் தலையாட்டி மறுத்தார். புதுத்தாள் ஒன்றைக் கொடுத்தார்கள். மனதுக்குள் ஒரு சின்ன ஆசை இருந்தது: அழுகைதான் போன தடவையே வெளியே வந்துவிட்டதே, இனி ஏறுவதற்கு என்ன இருக்கிறது? ஏறாமல் போனால் விட்டுவிடுவார்கள்.

கேமரா ஓடத் தொடங்கியதும், யாரும் கேட்காமலே, புருவம் கிளம்பியது. முன்னைவிட உயரமாகப் போனது. ஒரே தடவையில் முடிந்தது. விளக்குப் பிடித்தவன் சிரித்துத் தடுமாறினான். போன தடவை மூக்கைச் சிந்திய அதே ஆள்.

வெண்டல் வீட்டுக்கு வந்து தொப்பியை மாட்டிவிட்டு முகம் கழுவப் போனார். துண்டோடு திரும்பியபோது கோரா அந்தத் தொப்பியைத் தூசி தட்டிக்கொண்டிருந்தாள். அது அவளுடைய தினசரி வேலை. உள்பட்டியிலிருந்த தாள் அவள் கையில் விரிந்திருந்தது. பென்சில் எழுத்து: ரோசலி பிக்ஸ்பி. பதினோரு மாதம். டொபீகா.

அவள் நிமிர்ந்தாள். உதடு அசைந்தது, பெயர் வெளியே வரவில்லை. “சனிக்கிழம... இத எழுதுனதப் பாத்தா நான் சிரிச்சேன்?”

வெண்டல் பதில் சொல்ல வாயைத் திறந்தார். புருவம் ஏறத் தொடங்கியது. முப்பத்தொரு வருஷத்தில் முதல்முறையாகக் கோரா அதைச் சிரிக்காமல், அடி முதல் நுனி வரை, கண்ணை எடுக்காமல் பார்த்தாள். அந்தப் பார்வை கிளெண்டேலின் சிரிப்பைவிடத் தாங்க முடியாததாக இருந்தது.

அவர் அவள் கையிலிருந்த தொப்பியை வாங்கி, வீட்டுக்குள்ளேயே தலையில் வைத்து, புருவம் மறையும்வரை கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.