வழிவிட்டவர்

ஐம்பதுகளில், சனிக்கிழமை மாலையானால் எங்கள் கன்டோன்மென்ட் மாதா கோயிலில், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை நிற்கும். நீலசந்திராவிலிருந்து மில் தொழிலாளி ஒருவர் முதல் ஆளாக வந்துவிடுவார். காக்கிச் சட்டை போட்டிருப்பார், புருவத்தில் பஞ்சு ஒட்டியிருக்கும். முறை வந்ததும், "நீங்க போங்க சார்" என்று பின்னால் நிற்பவருக்கு வழிவிடுவார். கடைசிவரை சாமியார் இருக்கும் கூண்டுக்கு உள்ளே போகமாட்டார். என்ன பணிவு என்று வியந்து, ஒருநாள் அவரிடமே சொன்னேன்.

"பணிவா? தங்கவயல்ல அப்பா செத்தப்ப எங்கண்ணன் எனக்குத் தந்தி அடிக்கல சார். பன்னண்டு வருஷமா அவன்மேல கோபம். உள்ள போய் சாமியார்கிட்ட சொன்னா கண்டிப்பா போயிடும். அப்புறம் நான் எதை வச்சுக்கிட்டு இருக்கறது? வராமலும் இருக்க முடியல."

வாராவாரம் அவர் விட்ட இடத்தில் உள்ளே போய், போனபடியே திரும்பி வந்தவன் நான். பாவசங்கீர்த்தனத்தின்மேல் அவருக்கு இருந்த அளவு நம்பிக்கை எனக்கு இருந்ததில்லை.