எரியோட்டில் நின்ற தார் டிரம்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டூ வீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறேன். காலையில் ஷட்டரை முழுசாகத் தூக்குவதற்குள் யாராவது ஒருவர் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார். கிளட்ச் கேபிள் வேண்டும் என்று வந்து நிற்பார்கள். எந்த வண்டிக்கு என்று கேட்டால் "கருப்பு வண்டிக்கு" என்பார்கள். இவர்களிடம் வேறு எப்படித்தான் பேசுவது? ஆனால் எங்கள் ஊர்ப் பழைய பைக் ரேஸின் கதையைத் தேடி நான் அலைய ஆரம்பித்ததற்கும் இந்தக் கோபம்தான் காரணம்.

ஐம்பது வருஷத்துக்கு முன்னால் மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் இங்கே ரேஸ் விடுவார்கள். தனி மைதானமெல்லாம் கிடையாது, பஸ் ஓடுகிற ரோடுதான். திண்டுக்கல்லில் கிளம்பி எரியோடு வரை போக வேண்டும். அங்கே நடுரோட்டில் ஒரு தார் டிரம்மை நிறுத்தியிருப்பார்கள். அதைச் சுற்றிக்கொண்டு திரும்பி வர வேண்டும். வழியெல்லாம் சோளக்கதிரைக் காயப் போட்டிருப்பார்கள். அதன் மேல் வழுக்காமல் ஓட்டுகிறவன் கெட்டிக்காரன். இத்தனை நடந்திருக்கிறது, ஊரில் ஒரு வரி எழுத்து கிடையாது. ஒரு நாள் கடைக்கு வந்த ஒருவர், பெரிதாக நம்பர் எழுதிய பழைய துணி ஒன்றால் செயின் துடைத்துக்கொண்டிருந்தார். அது என்ன துணி என்றேன். "எங்கப்பா ரேஸ்ல முதுகுல கட்டுனதுக்கா, சும்மா வீட்டுல கெடந்துச்சு" என்றார். எனக்கு வந்ததே ஆத்திரம். துணியைப் பிடுங்கிக்கொண்டு, புதுத் துண்டு ஒன்றை அவர் மூஞ்சியில் விட்டெறிந்தேன்.

அன்றைக்குத் தொடங்கியது. ஆறு வருஷமாக வீடு வீடாக ஏறி இறங்கினேன். பீரோவுக்கு அடியில் கிடந்த போட்டோக்கள், உடைந்த ஹெட்லைட்டுகள், நம்பர் துணிகள் என்று கடை மாடி நிரம்பிவிட்டது. யார் எந்த வருஷம் ஜெயித்தார்கள் என்று ஒரு பலகையில் எழுதி வைத்தேன். எல்லா வருஷத்துக்கும் பெயர் கிடைத்துவிட்டது, ஒரே ஒரு வருஷத்தைத் தவிர. அது என் அப்பா ஓட்டிய வருஷம்.

அந்த வருஷம் முதலில் வந்து சேர்ந்தது அப்பாதான். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அவர் எரியோடு வரை போகவே இல்லை, பாதி வழியில் புளியமரத்தில் மோதிவிட்டுத் திரும்பிவிட்டார் என்று ஒரு பேச்சு கிளம்பியது. டிரம்மிடம் கொடியோடு நிற்க வேண்டியவர் டீ குடிக்கப் போயிருந்தாராம். எரியோட்டு ஆட்களைக் கேட்டால், பறந்த புழுதியில் ஆளுக்கொன்று சொன்னார்கள். டிரம்மைச் சுற்றும்போது அதில் இடித்துப் பெட்ரோல் டேங்க் ஒடுங்கிப்போனது என்று அப்பா சொன்னார். வண்டியைக் காட்டு என்றார்கள். "என் வார்த்தைய நம்பாதவனுக்கு வண்டிய எதுக்குக் காட்டணும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போய்விட்டார். என் கோபம் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும். கப்பை இரண்டாவதாக வந்தவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அந்த இரண்டாவது ஆள்தான் அப்பாவின் உயிர்த் தோழர். தோல் வியாபாரம் செய்த குடும்பம், பேகம்பூரில் வீடு. நான் மாமா என்று கூப்பிடுவேன். அப்பாவுக்கு எழுபத்தெட்டு, மாமாவுக்கு எண்பது. தினமும் காலையில் ஒரே டீக்கடையில் உட்கார்ந்து இரண்டு பேரும் அந்த ரேஸை மறுபடி ஓட்டுவார்கள். "ஏலே மாப்ள, புளியமரம் எப்பிடி இருக்கு, சௌக்கியமா?" என்று மாமா ஆரம்பிப்பார். அப்பா சிரித்துக்கொண்டே இருப்பார். ஆனால் வீட்டுக்கு வந்ததும் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார். எனக்கு அது பொறுக்காது.

அம்மாவிடம் இதைப் பற்றிப் பேசவே முடியாது. அந்த வண்டி, கல்யாணத்துக்கு அம்மாவின் அப்பா வாங்கிக் கொடுத்தது. ரேஸ் முடிந்த கொஞ்ச நாளில் அப்பா அதைப் பழனிப் பக்கம் யாருக்கோ விற்றுவிட்டார். ரேஸ் பேச்சு எடுத்தாலே அம்மா எழுந்து வெஞ்சனத்துக்குக் காய் நறுக்கப் போய்விடுவாள்.

போன ஆடி மாதம் கடைக்கு ஒரு போன் வந்தது. பழனிக்குப் பக்கத்தில் பாலசமுத்திரத்தில் தென்னந்தோப்பு வைத்திருப்பவர். பழைய வண்டி ஒன்றுக்கு ஸ்பீடாமீட்டர் கேபிள் கிடைக்குமா என்று கேட்டார். பழக்கதோஷத்தில் வண்டி நம்பரைக் கேட்டேன். அவர் சொன்னதும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். அப்பா விற்ற வண்டியின் நம்பர். அப்பா தன் பிறந்த நாளைக்கூட மறப்பார், அந்த நம்பரை மறக்க மாட்டார். வீட்டில் எல்லோருக்கும் அது மனப்பாடம்.

மறுநாளே பஸ் ஏறினேன். தோப்பில் கீற்றுக் கட்டுகளுக்குப் பின்னால் வண்டி நின்றது. உட்கார்ந்தால் தொடை படுகிற இடத்தில் டேங்க் நன்றாக உள்ளே போயிருந்தது. அந்தப் பள்ளத்துக்குள் விரலை விட்டுச் சுரண்டினேன். நகத்தில் கருப்பாக ஒட்டியது. தார். புளியமரத்தில் தார் ஏது? எனக்கு அங்கேயே ஒரு குத்தாட்டம் போடலாம் போல இருந்தது. அந்தத் தோப்புக்காரர் என்னைவிடச் சின்னவர், பரம சாது. "ஏனுங்கக்கா, உங்கப்பாரு வண்டிங்களா? அப்ப எப்ப வேணும்னு சொல்லுங்க, நானே வண்டியில ஏத்திக் கொண்டாந்து எறக்கறனுங்க" என்றார்.

போட்டோ எடுத்து வந்து மாமாவிடம் காட்டினேன். தோப்பு நிழலில் எடுத்தது, எல்லாமே ஒரே கருப்பாக விழுந்திருந்தது. மாமா கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றிப் பார்த்தார். "இது தாரா, சாணியான்னு யாரு கண்டா தாயி? வண்டி வரட்டும். நான் தொட்டுப் பாக்குறேன். தாருன்னா தாருன்னு ஒத்துக்கிறேன். கப்ப உங்கப்பன் கையில குடுத்துர்றேன், போதுமா?" என்றார். மாமா சொன்ன சொல் தவற மாட்டார்.

உடனே ஒரு கண்காட்சி வைப்பது என்று முடிவு செய்தேன். புரட்டாசியில் கல்யாணம் கிடையாது, மண்டபம் சும்மா கிடக்கும். ஆயுத பூஜை முடிந்த ஞாயிற்றுக்கிழமை என்றால் எல்லோருக்கும் ஓய்வாக இருக்கும். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். ரேஸ் ஓடிய பழைய வண்டி வைத்திருக்கும் பதினோரு வீட்டுக்கும் போன் செய்து, துடைக்கக்கூட வேண்டாம், இருக்கிற மாதிரியே கொண்டு வாருங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். எல்லோரும் சரிக்கா, சரிக்கா என்றார்கள்.

ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் எங்கள் ஊர்ப் பெயின்ட் கடைகளில் கால் வைக்க இடம் இருக்காது. அரிவாள்மனைக்கே சந்தனம் குங்குமம் வைக்கிற ஊர். வண்டியைச் சும்மா விடுவார்களா? வருஷா வருஷம் அந்தக் கூட்டத்துக்குப் பொருள் விற்பவள் நான். எனக்கே அது உறைக்கவில்லை. கழுத்துக்கு மேல் இருப்பது தலையா என்று இப்போதும் என்னை நானே கேட்டுக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் வண்டி வந்து நின்றது. பச்சைப் பெயின்ட் பளபளவென்று கண்ணைப் பறித்தது. ஹேண்டில்பாரில் மாலை, சக்கரத்தில் எலுமிச்சம்பழம், புது சீட் கவர். ரேஸ் நம்பர் இருந்த இடத்தில் 'பிள்ளையார் துணை' என்று எழுதியிருந்தது. நான் கத்திய கத்தலில் மண்டபத்துப் புறாக்கள் பறந்தன. கொண்டு வந்தவர் அசரவில்லை. "நல்லா இருக்கேக்கா நீங்க சொல்றது. கல்யாண மண்டபத்துக்கு அழுக்கு வண்டியோடயா வருவாங்க? நாலு பேரு பாக்க மாட்டாங்களா?" என்றார். இரண்டாவது வண்டி அதற்கு மேல். மூன்றாவதுக்கு வெள்ளி பார்டர் வேறு. பதினோரு வண்டியும் மாப்பிள்ளை மாதிரி வந்து வரிசையில் நின்றன. ஒரு கீறல் இல்லை, ஒரு துரு இல்லை, ஆறு வருஷமாக நான் தேடிய சரித்திரத்தில் ஒரு பொட்டு மிச்சமில்லை.

வந்த ஜனத்துக்கு என்னவோ அவ்வளவு சந்தோஷம். குடும்பம் குடும்பமாக வண்டிகளோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மாமா வீட்டிலிருந்து இரண்டு தேக்சா பிரியாணி வந்தது. புரட்டாசி விரதக்காரர்கள் வாசனையை மட்டும் பிடித்துக்கொண்டு தக்காளி சாதத்தைச் சாப்பிட்டார்கள். எனக்கு ஒரு பருக்கை இறங்கவில்லை. பாலசமுத்திரத்து மனிதருக்கு நாலு தடவை போன் அடித்தேன், அவர் எடுக்கவில்லை.

பதினொரு மணி சுமாருக்கு மினி வேன் வந்தது. தோப்புக்காரர் வெள்ளை வேட்டியில் சிரித்த முகமாக இறங்கி, தார்ப்பாயை விலக்கினார். சிவப்பு. அப்படி ஒரு சிவப்பு. டேங்க் வழவழவென்று முகம் பார்க்கிற மாதிரி இருந்தது.

"உங்கப்பாரு வண்டியாச்சேங்கக்கா, அப்பிடியே கொண்டாந்தா மரியாதையா இருக்குமுங்களா? பழனியில குடுத்து டிங்கரிங் பாத்து, பட்டி போட்டு, பெயின்ட் அடிச்சுப்போட்டனுங்க. அந்த ஒடுக்கு இருந்த எடமே தெரியாதுங்க, தடவிப் பாருங்க" என்றார்.

"தாரு இருந்துச்சே தம்பி" என்றேன்.

"அத ஏன் கேக்கறீங்க, போவேனாங்குது. மண்ணெண்ண ஊத்தி அரை நாள் தேச்சமுங்க" என்றார் பெருமையாக.

அவரை என்ன சொல்லித் திட்டுவது? அவ்வளவு ஆசையாகச் செய்திருக்கிறார். ஜென்மத்தில் முதல் தடவையாக எனக்குத் திட்ட வார்த்தை வரவில்லை. மாமா கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து டேங்கைத் தடவினார். "சாட்சியக் குளிப்பாட்டிக் கொண்டாந்துட்டாங்களே மாப்ள. இப்ப நான் எதத் தொட்டுப் பாக்குறது?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். "விடும்மா, பலகைய அப்பிடியே விட்டுரு" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் அம்மா, காலையிலிருந்து சுவரோரம் உட்கார்ந்திருந்த நாற்காலியை விட்டு எழுந்து வந்தாள். கூட்டம் விலகி வழிவிட்டது. டேங்கின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"எங்கப்பா கொண்டாந்து வாசல்ல நிறுத்துன அன்னைக்கு இப்பிடித்தான் இருந்துச்சு" என்றாள். பிறகு யாரையும் பார்க்காமல், "இவரு டிரம்மச் சுத்துனாரு. நான் பாத்தேன்" என்றாள்.

மாமாதான் முதலில் வாயைத் திறந்தார். "தங்கச்சி, நெசமாவா சொல்ற?"

"பொய் சொல்லி இந்த வயசுல எனக்கு என்னண்ணே ஆகப்போகுது? பொங்கலுக்கு எரியோட்டுல எங்கம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். இவரு ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போறேன்னு என்கிட்ட சொல்லியிருந்தாரு. ரேசு வருதுன்னு என் தங்கச்சி இழுத்துட்டுப் போனா. வேலிக்குப் பின்னாடி நின்னோம். பாத்தா, எங்கப்பா வாங்கிக் குடுத்த வண்டி வருது. டிரம்முல இடிச்சு, காலை ஊனி, எந்திரிச்சு, சுத்திக்கிட்டுப் போயிட்டாரு. டேங்கு ஒடுங்குனத என் கண்ணால பாத்தேன். கல்யாணம் ஆகி அஞ்சு மாசம்கூட ஆகல. எங்கப்பா கேட்டா நான் என்ன சொல்லுவேன்? அதுக்கப்புறம் இவரு ஜெயிச்சா என்ன, தோத்தா என்னன்னு ஆயிருச்சு. என் கோவம் ஆறட்டும், சொல்லுவோம்னு இருந்தேன். அதுக்குள்ள வண்டியவே வித்துட்டாரு. போங்கன்னு விட்டுட்டேன்."

ஐம்பது வருஷ வீம்பு. நான் அப்பாவை மட்டும் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன், என் கோபத்தில் பாதி யாருடையது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சாட்சியைத் தேடிப் பாலசமுத்திரம் வரைக்கும் போனவள், அடுப்படிக்குப் போய் ஒரு வார்த்தை கேட்கவில்லையே.

மாமா அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. மேஜையில் காட்சிக்கு வைத்திருந்த கப்பை எடுத்து வந்து அம்மாவின் கையில் கொடுத்தார். "நோன்புக்குப் பேரீச்சம்பழம் இதுலதான் வைப்போம் தங்கச்சி. இனிமே வருஷா வருஷம் உன்கிட்ட கேட்டு வாங்கிட்டுப் போறேன்" என்றார். "பழத்தோட திருப்பிக் குடுங்கண்ணே" என்றாள் அம்மா. மண்டபமே சிரித்தது. நான் மூக்கைச் சிந்திவிட்டுப் போய்ப் பலகையின் காலி இடத்தில் அப்பாவின் பெயரை எழுதினேன். தோப்புக்காரர் என்ன ஏதென்று முழுசாகப் புரியாமலே எல்லோரையும்விட பலமாகக் கைதட்டினார்.

அப்பா கப்பையும் பார்க்கவில்லை, பலகையையும் பார்க்கவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீ பாத்தியா?" என்றார்.

"அதான் சொன்னேனே."

"நெசமாவே நீ பாத்தியா?"

"எத்தன தடவை சொல்றது? பாத்தேன்."

அப்பா டேங்கின் மேல் கையை வைத்துக்கொண்டார். "நல்லா ஓட்டுனேனா?" என்று கேட்டார்.

"நல்லாத்தான் ஓட்டுனீங்க" என்றாள் அம்மா. "என்கிட்ட சொல்லிட்டு ஓட்டியிருந்தா நானும் முன்னாடி நின்னு கைதட்டியிருப்பேன்."