ஊடு என்று சொன்ன பிள்ளை

மண்ணூர்பேட்டையில், தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு நர்சரி பள்ளியில் நான் எல்.கே.ஜி. மிஸ். அந்த வருடம் எங்கள் வகுப்புக்கு ஒரு டேப்லெட் வந்தது. அதில் தமிழ்ச் சொற்கள் பழக ஒரு விளையாட்டு. திரையில் படம் வரும். பிள்ளை அதன் பெயரைச் சொல்ல வேண்டும். சரியென்றால் நட்சத்திரம் மின்னும். தப்பென்றால் 'டொய்ங்' என்று ஒரு சத்தம்.

லோடு ஆட்டோ ஓட்டுபவரின் மகள் ஒருத்தி இருந்தாள். வாய் ஓயாதவள். முதல் ஆளாக ஓடிவந்து உட்கார்ந்தாள். வீட்டுப் படம் வந்தது.

"ஊடு" என்றாள்.

டொய்ங்.

குரலை உயர்த்தி மறுபடியும் "ஊடு" என்றாள். மறுபடியும் டொய்ங். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் லேசாகச் சிரித்துவிட்டேன். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

அதன்பிறகு இரண்டு வாரம் அவள் வகுப்பில் வாயே திறக்கவில்லை. மாலையில் அழைத்துப்போக வந்த அம்மாவிடம் கேட்டேன்.

"ஊட்ல நல்லாத்தான் பேசிகினு கீது மிஸ். இங்க இன்னா ஆச்சு?"

என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் அந்த விளையாட்டை மூடிவிட்டேன். அதே டேப்லெட்டில் கேமரா இருந்தது, குரலைப் பதிவு செய்யவும் முடிந்தது. பிள்ளைகளை வாசலுக்குக் கூட்டிப்போய், பிடித்ததைப் படமெடுத்து, வீட்டில் பேசுகிற மாதிரியே அதைப் பற்றிப் பேசச் சொன்னேன். மதுரையிலிருந்து குடிவந்த ஐ.டி. குடும்பத்துப் பையன் ஒரு நாயைப் படமெடுத்தான். அவள் நெடுநேரம் யோசித்துவிட்டு, டேப்லெட்டை எதிர்ச் சந்துப் பக்கம் திருப்பினாள்.

"அத்தோ பச்ச கேட்டு, அதான் எங்க ஊடு. மாடில டேங்க் கீது. டேங்க்குக்குப் பின்னால பூனை குட்டி போட்டுக்கீது. மூணு குட்டி. ஒண்ணு கறுப்பு..."

நிறுத்தவே இல்லை.

பெற்றோர் கூட்டத்தன்று எல்லாப் படங்களையும் புரொஜெக்டர் வழியாகச் சுவரில் காட்டி, பிள்ளைகள் பேசியதையும் ஒலிக்கவிட்டேன். அவள் குரல் வந்ததும் பள்ளித் தாளாளர் என் பக்கம் குனிந்து, "என்ன மிஸ், ஸ்கூல்ல ஊடுன்னு பேச விடுறீங்க?" என்றார்.

"முதல்ல பேசட்டும் சார்" என்றேன்.

அதற்குள் பின்வரிசையில் அவள் அப்பா காக்கிச் சட்டையோடு எழுந்து நின்றுவிட்டார். "எம் பொண்ணா பேசுது?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. தாளாளரும் தட்டினார்.

அடுத்த வாரம் அந்தப் பழைய விளையாட்டை அவளே தேடித் திறந்தாள். நான் தடுக்கப் போவதற்குள் "வீடு" என்றாள். நட்சத்திரம் மின்னியது. பக்கத்தில் இருந்த சிறுமியிடம் பொறுமையாக விளக்கினாள்: "அதுக்கு ஊடுன்னா தெரியாது. பாவம். வீடுன்னு சொன்னாத்தான் புரியும்."

எனக்கு இந்த விளக்கம் தோன்றியிருக்கவே இல்லை.

அன்று மதியம் யு.கே.ஜி. மிஸ் வந்து, பதிவு செய்வது எப்படி என்று கேட்டார். எனக்குப் பதிலாக அவளை டேப்லெட்டோடு அனுப்பிவைத்தேன்.

"இத்த அமுக்குங்க மிஸ். செவப்பு வந்ததும் பேசுங்க. சத்தமா பேசணும்."

பக்கத்து அறையிலிருந்து அவள் குரல் எங்கள் வகுப்பு முழுக்கக் கேட்டது.